வலது காலை முன்னால் வைத்தேன்

எங்கள் மாஸ்டரைப் பற்றி நான் குறை சொன்னால் அரியலூரில் இன்றைக்கும் சிலருக்குக் கோபம் வரும். "அவரு இல்லேன்னா நீ ஏதுடா?" என்பார்கள். வரட்டும். நடந்ததைச் சொல்ல எனக்கு எவனுடைய அனுமதியும் வேண்டாம்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. அரியலூரை ஒட்டிய ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தேன். என் அப்பாவும் அவருடைய அப்பாவும் அடுத்தவன் வயலில் கூலிக்கு இறங்கினவர்கள். சுரங்கம் வந்ததும் நானும் அக்காவும் வயலை விட்டுக் கல்லுக்குப் போனோம். அக்கா என்னைவிட ஆறு வயசு மூத்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் எங்களோடு வந்து இருந்தாள். நான் உடைத்த கல்லை அவள் கூடையில் அள்ளி லாரியில் கொட்டுவாள்.

ஒரு நாள் லாரி டிரைவர் ஒருவன் அவளைப் பார்த்து, சொல்லக்கூடாத வார்த்தை ஒன்றைச் சொன்னான். நான் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு ஒரே ஒரு குத்து விட்டேன். அவன் விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்க நேரமாயிற்று. சுரங்கத்தில் காவலுக்கு இருந்த முன்னாள் பட்டாளத்துக்காரர் அதைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நின்றேன். அவரோ என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "சாயங்காலம் ஸ்டேஷன் பின்னால கடலை குடோனுக்கு வா" என்றார். அவர்தான் மாஸ்டர்.

அந்தக் காலி குடோனில் நாலு மூலைக்கும் கயிறு கட்டி ஏழெட்டுப் பேருக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்தார். முதல் நாளே சாக்குக்கட்டியால் தரையில் இரண்டு பாதம் வரைந்தார். இடது பாதம் முன்னால், வலது பாதம் பின்னால். நான் என் வழக்கப்படி வலது காலை முன்னால் வைத்து நின்றேன். மூங்கில் குச்சியால் கணுக்காலில் ஒரு அடி விழுந்தது.

"மாஸ்டர், நான் இடது கைக்காரன்."

"தெரியும். அதை மறந்துடு. இடது கைக்காரன் ஆட்டம் பார்க்கவே அசிங்கமா இருக்கும். ஜட்ஜு எவனும் பாயிண்ட் குடுக்க மாட்டான்."

டிரைவர் விழுந்தது எந்தக் கையால் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கூப்பிட்டார். கூப்பிட்டபின் அந்தக் கையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார். பள்ளிக்கூடத்தில் இடது கையால் எழுதியதற்கு முட்டியில் ஸ்கேலால் வாங்கியிருக்கிறேன். இருபத்திரண்டு வயதில் மறுபடியும் அதே பாடம்.

ஒன்றை மறைக்க மாட்டேன். மூச்சை எப்படி இழுப்பது, எப்படி விடுவது, அடி வாங்கினால் கண்ணை மூடாமல் எப்படி நிற்பது, இதெல்லாம் அவர் கொடுத்ததுதான். கல்லங்குறிச்சி வரைக்கும் ஓடிப் போய்த் திரும்பி ஓடி வர வைப்பார். கூடவே சைக்கிளில் வருவார், மழையானாலும். மூன்று வருஷம் அவர் சொன்னபடி நின்றேன், அவர் சொன்னபடி குத்தினேன். ஊரில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது நின்று, மாஸ்டர் ஆளு என்று ஆனது.

அப்போது எங்கள் ஊரெல்லாம் திருச்சி ஜில்லா. ஜில்லாப் போட்டிக்குத் திருச்சிக்குக் கூட்டிப்போனார். அரையிறுதி. எதிராளி என்னைவிட உயரம். முதல் ரவுண்டு முழுக்க வாங்கிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது ரவுண்டில் தாடையில் ஒன்று விழுந்தது, காது அடைத்துக்கொண்டது. அப்புறம் நான் யோசிக்கவில்லை. கால் தானாக மாறியது. வலது கால் முன்னால் வந்தது, இடது கை போனது. அவன் விழுந்தான். எட்டு எண்ணியபின்தான் எழுந்தான். கூட்டம் கத்தியது. அதையெல்லாம் மீறி மூலையிலிருந்து மாஸ்டர் குரல் கேட்டது.

"காலை மாத்துடா! மாத்து!"

மாற்றினேன். மூன்று வருஷப் பழக்கம், குரல் கேட்டதும் கால் கேட்டுவிட்டது. மூன்றாவது ரவுண்டு முழுக்க அவர் சொன்ன காலில் நின்று, பாயிண்ட்டில் தோற்றேன்.

கீழே இறங்கியதும் எல்லோர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தார். "சொன்னதைக் கேட்டிருந்தா ஜெயிச்சிருப்ப."

"கேட்டதாலதான் தோத்தேன்" என்றேன்.

"நான் இல்லேன்னா நீ கல்லு உடைக்கிற கூலிடா."

"ஆமா, கூலிதான். இனிமே உங்க ஆளு இல்ல."

தனியாக பஸ் ஏறி ஊருக்கு வந்தேன். அக்காவிடம் சொன்னபோது அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "நாளைலேருந்து என் முன்னாடி குத்து. நான் பார்க்கறேன்" என்றாள்.

"உனக்கு இதைப் பத்தி என்னக்கா தெரியும்?"

"குத்துச்சண்டை தெரியாது. உன்னைத் தெரியும்."

கோணிப்பையில் மணலும் பழந்துணியும் அடைத்து வேப்பமரத்தில் கட்டினோம். வேலை விட்டு வந்து நான் குத்துவேன், அவள் எதிரே நின்று பார்ப்பாள். நாலாம் நாள் சொன்னாள்: "அடிக்கறதுக்கு முன்னால வாயைத் தொறக்கற. சம்மட்டி தூக்கறப்பவும் அப்படித்தான். எதிர்ல நிக்கறவன் பார்த்துட்டு ஒதுங்கிட மாட்டானா?" மூன்று வருஷம் மாஸ்டர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயை அவர் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் பெரம்பலூரில் ஒரு போட்டி வைத்தார்கள். விண்ணப்பத்தில் பயிற்சியாளர் பெயர் கேட்டிருந்தது. அக்கா பெயரை எழுதினேன். மேசையில் இருந்தவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. போட்டியன்று அக்கா தண்ணீர்ச் சொம்போடு என் மூலைக்கு வந்தபோது அவரே தடுத்தார்.

"பொம்பளைங்க ரிங்கு பக்கம் வரக்கூடாதும்மா."

"தம்பிக்குத் தண்ணி குடுக்கறதுக்கு ஆம்பளையா இருக்கணுமா சார்? எந்தச் சட்டத்துல இருக்கு, காட்டுங்க."

அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

இறுதிச் சுற்றில் எதிரே நின்றது அரும்பாவூர்க்காரன், மாஸ்டரின் புது ஆள். அழகாக நின்றான், சாக்குக்கட்டியில் வரைந்தது மாதிரி. நான் வலது காலை முன்னால் வைத்தேன். வாயை இறுக மூடிக்கொண்டேன். இரண்டாவது ரவுண்டிலேயே முடிந்தது.

கோப்பை கொடுக்கும்போது மாஸ்டர் மேடைக்கு வந்து என் தோளில் கை போட்டார். "இவனும் என் தயாரிப்புதான்" என்று பெரிய மனிதர்களிடம் சொன்னார். நான் கையை எடுத்துவிட்டேன். "என் மூச்சு உங்க தயாரிப்பு மாஸ்டர். இந்தக் குத்து இல்ல" என்றேன். திமிர் பிடித்தவன் என்று அன்றைக்கு வாங்கிய பேர் இன்னும் போகவில்லை.

அதோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொன்னால் பொய். மாநிலப் போட்டிக்கு மெட்ராஸ் போய் முதல் ஆட்டத்திலேயே தோற்றேன். எதிராளி என்னை மூலையில் மடக்கி மடக்கி அடித்தான். மூலையிலிருந்து எப்படி வெளியே வருவது என்று எனக்கும் தெரியவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்பது அன்றைக்கு விலா எலும்பில் உறைத்தது.

ஒரு வாரம் கழித்து மாஸ்டர் ஆள் அனுப்பினார். வந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வாராம். எனக்கு ஆசைதான். இரண்டு நாள் யோசித்துவிட்டு குடோனுக்குப் போனேன்.

"இடது கைக்காரனாவே எடுத்துக்கிறதுன்னா நாளைக்கே வரேன், மாஸ்டர்."

அவர் கிளவுஸ் கயிற்றைச் சுற்றி ஆணியில் மாட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அது எனக்குச் சொல்லித்தரத் தெரியாதுடா. எனக்கும் யாரும் சொல்லித்தரல."

அசிங்கமும் காரணமில்லை, ஜட்ஜும் காரணமில்லை. தெரியாது, அவ்வளவுதான்.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்" என்றேன். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். அந்த நிமிஷம் அவர்மேல் கோபம் இல்லை. ஆனால் திரும்பிப் போகவும் இல்லை.

அதற்குப் பிறகு நாலு வருஷம் ஆடினேன். ஜில்லாவில் இரண்டு தடவை ஜெயித்தேன். மாநிலத்தில் ஒரு தடவைகூட முதல் சுற்றைத் தாண்டவில்லை. நல்ல வாத்தியார் கிடைத்திருந்தால் தாண்டியிருப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிடைக்கவில்லை. அதற்காக வீட்டில் உட்கார்ந்துவிடவும் இல்லை. குடோனிலிருந்து வந்த அன்று சாயங்காலமே அக்கா மரத்தடியில் நாலு முளை அடித்துக் கயிறு கட்டினாள். என்னை ஒரு மூலையில் நிறுத்தி, விளக்குமாற்றோடு எதிரே வந்து நின்றாள்.

"நான் விட மாட்டேன். நீ எப்படி வெளிய வர்றன்னு பார்க்கறேன், வா" என்றாள்.