டேங்க் காலி, கிடார் நிற்கவில்லை

பேய், காத்துக் கருப்பு, இதெல்லாம் எனக்குக் கிடையாது. அன்றைக்கும் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. எட்டாவதோடு படிப்பு முடிந்தது. ஜெனரேட்டர் வண்டி ஓட்டுகிறேன். டீசல் இருந்தால் என்ஜின் ஓடும், என்ஜின் ஓடினால் கரண்ட் வரும், வரவில்லை என்றால் எங்கேயோ கோளாறு, தேடினால் கிடைத்துவிடும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் சொல்லப்போவது கரண்ட் விஷயம். சிரிக்கிறதானால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ரெண்டாயிரத்து எட்டு வாக்கில் நடந்தது. என் தம்பி தினேஷ் என்னைவிட பதினோரு வயது சின்னவன். அப்பா இல்லை. அம்மா தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்றாள். நானும் அம்மாவும் சேர்ந்து அவனை டிப்ளமோ வரைக்கும் படிக்க வைத்தோம். அவன் ஒரு கிடாரோடு வந்து நின்றான். நாலு பையன்கள் சேர்ந்து பேண்ட் ஆரம்பித்திருந்தார்கள்.

"ஆல்டர்நேட்டிவ் ராக்குண்ணா" என்றான்.

"அப்டின்னா இன்னாடா?"

"சினிமா பாட்டு கிடையாது. எங்க பாட்டு."

"சினிமா பாட்டுன்னா கல்யாணத்துக்காவது கூப்புடுவான். உங்க பாட்டுக்கு எவன்டா பந்தல் போடுவான்?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை ஆர்டர் வந்திருந்தது. ஒரே ஒரு ஷோ, அதில் ஏதாவது வழி பிறந்தால் உன் இஷ்டம், இல்லை என்றால் கிடாரை ஆணியில் மாட்டிவிட்டு ஒரகடம் போ என்று சொல்லிவிட்டேன். சரி என்றான். எங்கள் வீட்டில் சொன்னால் சொன்னதுதான்.

அந்த ஷோ மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஹாலில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. அன்றைக்குப் பார்த்து ஏரியா முழுக்கக் கரண்ட் ஷட்டவுன். ஜெனரேட்டருக்கு ஆள் தேடினார்கள், நானே போனேன். வடபழனியிலிருந்து ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிற ஒருத்தர் இவர்களைப் பார்க்கவென்றே வருகிறார் என்றான் தம்பி.

"அண்ணா, நடுவுல மட்டும் நின்னுடப்போவுது."

"என் என்ஜின் நிக்காது. நீ கம்பிய அறுக்காம வாசி."

இப்போது என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். என் வண்டியில் டீசல் அளவு காட்டுகிற முள் வேலை செய்யாது. குச்சி விட்டுத்தான் அளவு பார்ப்பேன். வாட்ச்மேன் கார்களுக்கு இடம் வேண்டும் என்று வண்டியைச் சரிவில் நிறுத்தச் சொல்லிவிட்டான். டேங்க் சாய்ந்து டீசல் எல்லாம் குச்சி விடுகிற பக்கம் வந்து நின்றது. பார்த்தால் முக்கால் டேங்க். உண்மையில் கால்கூட இல்லை. பதினைந்து வருஷத் தொழில்காரன் செய்யக்கூடாத தப்பு. தம்பி வாசிப்பதைப் பார்க்கிற அவசரம்.

உள்ளே போக முடியவில்லை, வண்டியோடுதான் நின்றேன். சுவருக்கு அந்தப்பக்கம் சத்தம் நன்றாகவே கேட்டது. நாலு பாட்டு முடிந்து ஐந்தாவது ஓடும்போது என்ஜின் இருமியது. இரண்டு தரம் உதறிவிட்டு நின்றே போனது.

நின்ற பிறகும் உள்ளே கிடார் கேட்டது.

ஈ.பி. கரண்ட் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வந்திருந்தாலும் ஹாலுக்குள் போகாது, ஈ.பி.யா ஜெனரேட்டரா என்று மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஜெனரேட்டர் பக்கம் போட்டிருக்கிறது. எதிரே டீக்கடையில் ஃபேன் சுற்றவில்லை. பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். இருட்டு. லைட் இல்லை, ஏ.சி. இல்லை. ஜனம் அதை ஷோவில் ஒரு பாகம் என்று நினைத்து செல்போனைத் தூக்கிப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டுக்காரப் பையன் வாயசைக்கிறான், மைக் செத்துவிட்டது, ஒன்றும் கேட்கவில்லை. டிரம்ஸ் கேட்கிறது. டிரம்ஸுக்குக் கரண்ட் எதற்கு, அது எனக்கும் தெரியும். நான் சொல்வது கிடாரை, கரண்ட் இல்லை என்றால் பெட்டியில் சத்தமே வராத கிடாரை. ஹால் முழுக்க, நெஞ்சில் வந்து இடிக்கிற மாதிரி கேட்டது.

மேடை ஓரத்தில் தம்பியின் ஸ்பீக்கர் பெட்டி ஒயரைச் சொருகியிருந்த பிளக் போர்டு. சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து மூன்று ஓட்டையிலும் வைத்தேன். எரியவில்லை. பெட்டியில் சிவப்பு லைட்டும் இல்லை. பேட்டரி, யு.பி.எஸ். என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. ஒயர் முழுக்க இழுத்தவன் நான். பெட்டி மேல் கையை வைத்தேன். அதிர்ந்தது.

பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. டேங்க் காலி. வெளியே ஓடி, கேனில் இருந்த இருபது லிட்டரை ஊற்றி, ஸ்பேனர் போட்டு டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியே எடுத்து, ஸ்டார்ட் பண்ண ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும். அவ்வளவு நேரமும் அந்தக் கிடார் நிற்கவே இல்லை. லைட் வந்ததும் ஹாலே கூரை பிய்கிற மாதிரி கத்தியது.

ஷோ முடிந்து அந்த ஸ்டுடியோக்காரர் என் கண் முன்னால் தம்பி கையைப் பிடித்துக் குலுக்கினார். "தம்பி, இருட்டுல ஒண்ணு வாசிச்சியே, அது போதும்பா. திங்கக்கெழம வா. அதையே அப்படியே எடுத்துடலாம்." தம்பி தலையை ஆட்டினான். முகத்தில் சந்தோஷம் இல்லை.

இரும்புலியூர் வழியாக லாரியில் திரும்பிக்கொண்டிருந்தோம். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"டீசல் தீந்துடுச்சுடா. தப்பு என்னுது."

"தெரியும்ணா. பெட்டில லைட் போனப்பவே தெரியும்."

"அப்புறம் எப்டிடா வாசிச்ச?"

ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் வாசிக்கலண்ணா. லைட் போனதும் கைய எடுத்துட்டேன். அது நிக்கல. எல்லாரும் பாக்குறாங்களேன்னு விரல சும்மா ஆட்டினு நின்னேன். கம்பிய தொடவே இல்ல. நடுவுல கண்ணுல வேர்வ, ரெண்டு கையாலயும் தொடச்சேன். அப்பவும் நிக்கல."

பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். வண்டியை ஓரம் கட்டினேன். இவன் பொய் சொல்லமாட்டான். நான் டெஸ்டர் வைத்ததை இவனிடம் அதுவரைக்கும் சொல்லவில்லை.

"திங்கக்கெழம இன்னா பண்ணப்போற?"

"நீ சொல்லுண்ணா."

"போ. போய் உள்ளத சொல்லு. அப்புறம் உன்னுத வாசிச்சுக் காட்டு."

போனான். சொன்னான். அவர் சிரித்தாராம். வாசிக்கச் சொன்னாராம், இவனும் கை வலிக்கிறவரை வாசித்திருக்கிறான். "நல்லாத்தான் கீதுப்பா, ஆனா அன்னிக்கு இருட்டுல கேட்டது இது இல்ல" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் தம்பி ஒரகடம் பஸ் ஏறினான். சொன்னால் சொன்னதுதான், ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. டீசல் இருந்திருந்தால் அவன் வாசித்ததைக் கேட்டே கூப்பிட்டிருப்பாரோ என்னவோ. அந்த உறுத்தல் எனக்கு இருக்கிறது.

கூட்டத்தில் ஒரு பையன் செல்லில் எடுத்த மூன்று நிமிஷம் தம்பியிடம் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்து, அதைப் போட்டுக் கேட்டுக் கேட்டு வருஷக்கணக்கில் பழகினான். இப்போது முக்கால்வாசி வருகிறது. எனக்கு சங்கீதம் தெரியாது, ஆனால் அதேதான், தெரிகிறது. கடைசிப் பகுதி வந்ததும் நிறுத்திவிடுவான்.

போன மாசம் கேட்டேன். "அதையும் கத்துக்கோயேன்."

"அது ஒரே கிடார்தாண்ணா. ஆனா ஒரு ஆளு ரெண்டு கைய வெச்சினு வாசிக்க முடியாது."

சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். நான் அவன் எதிரில் சோறு தின்றுகொண்டிருந்தேன். அந்த இடம் வந்தது. கையை எடுத்தான். எடுத்துவிட்டு, கட்டிலில் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்தான், பஸ்ஸில் பக்கத்தில் ஆள் உட்கார இடம் விடுவோமே, அந்த மாதிரி.

"ஏன்டா நகர்ற?" என்றேன்.

"நான் எங்கண்ணா நகர்ந்தேன்?" என்றான்.