குமிழியைக் கவனிக்கும் வேலை

பேப்பர் வாசிக்க உட்கார்ந்தால் வின்சன்ற் முதலில் தன் மூக்குக்கண்ணாடியில் துப்புவார். இரண்டு பக்கமும் ஒவ்வொரு துளி எச்சில். பெருவிரலால் வட்டமாகத் தேய்த்து, செம்புத் தண்ணீரில் அலசி, அதன் பிறகுதான் போட்டுக்கொள்வார். கண்ணாடி வாங்கிய நாளிலிருந்து மனைவி ஸ்ரெல்லா இதைப் பார்த்து வந்தாள்.

"சீலைத்துண்டு தாறன், துடையுங்கோவன். அருவருப்பாக் கிடக்கு."

"எச்சில் போட்டாத்தான் புகை பிடியாது."

கடலுக்கடியில் போடும் கண்ணாடிக்கு அது சரி. பருத்தித்துறை முனையில், வாங்குப்பலகையில் உட்கார்ந்து மூன்று நாள் பழைய பேப்பர் வாசிக்கிற மனுசனுக்கு எங்கேயிருந்து புகை பிடிக்கப்போகிறது? பதினொரு வருடம் அவள் இதைக் கேட்டாள். அவரும் பதினொரு வருடம் அதே பதிலைத்தான் சொன்னார்.

இருபது வயதில் அவர் தீவுப்பக்கக் கடலில் சங்கு குளித்தவர். மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குவது, கைக்கு எட்டியதை அள்ளுவது, மேலே வருவது. பிறகு திருகோணமலையில் கடற்கரை விடுதி ஒன்றில், கடலடியில் மூச்சுவிட உதவும் காற்றுச் சிலிண்டர் தூக்கும் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரருக்குச் சுழியோடப் பழக்கிய யேர்மன்காரர் ஒருநாள் இவர் முதுகிலும் ஒரு சிலிண்டரைக் கட்டி இறக்கிவிட்டார். அந்த நாளைப் பற்றி வின்சன்ற் சொன்னது ஸ்ரெல்லாவுக்கு மனப்பாடம்.

"அதுவரைக்கும் கடல் எனக்குச் சந்தை மாதிரி. போனமா, எடுத்தமா, வந்தமா. அண்டைக்குத்தான் ஆறுதலா நிண்டு பாத்தனான். கிளிமீன் பவளப்பாறையைக் கடிக்கிற சத்தம் கேக்கும் தெரியுமே? கரக், கரக் எண்டு. நாங்கள் முறுக்குத் தின்னுற மாதிரி."

ஏழு வருடத்தில் அவர் உதவியாளர் ஆனார். பயிற்றுநர் பரீட்சை எண்பத்துமூன்று ஆவணியில் என்று நாள் குறித்தார்கள். ஆடியில் கலவரம் வந்தது. யேர்மன்காரர் விமானம் ஏறினார். வின்சன்ற் ஒரு துணிப்பையோடு முனைக்கு வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு கடலில் தடை, கரையில் ஊரடங்கு, மண்ணெண்ணெய்க்கு வரிசை. ஊர் அவரைச் சுழியோடி மாஸ்டர் என்றது. பரீட்சை எழுதாத ஆளை அப்படிக் கூப்பிடலாமா என்று ஊரில் ஒருவரும் யோசிக்கவில்லை. அவர்தான் யோசித்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூறாம் ஆண்டு பங்குனியில் சண்டை ஓய்ந்து கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. கடலட்டை வாங்கி ஏற்றுமதி செய்யும் தில்லைநாதன் முதலாளி எங்கிருந்தோ நாலு சிலிண்டரும் காற்றடிக்கும் இயந்திரமும் கொண்டுவந்தார். சங்கு குளிக்கிற நாலு பேரை மாஸ்டர் பழக்கி எடுக்கவேண்டும். வைகாசிக்குள் கடலில் இறங்கவேண்டும்.

பழக்கிய இடம் புலோலியில், முதலாளியின் தமக்கை ஞானாம்பிகையின் தோட்டக் கிணறு. அகன்ற கிணறு, கண்ணாடி மாதிரித் தண்ணீர். மேலே நின்றே எல்லாருடைய குமிழியையும் பார்க்கலாம். ஸ்ரெல்லா மத்தியானச் சோறு கொண்டுபோவாள். ஞானாம்பிகை வெங்காயப் பாத்தியில் நின்று கத்துவாள்.

"இறைக்கிற தண்ணியுக்கை நாலு எருமையை விட்டிருக்கிறான் என்ரை தம்பி! இஞ்சை பார் பிள்ளை, உவை ஏறி வரேக்கை தண்ணி குறைஞ்சிருந்தா உன்ரை மனுசனைத்தான் கேப்பன்!"

மற்ற மூவரும் ஒரு கிழமையில் பழகிவிட்டார்கள். பரமலிங்கம்தான் பழகவில்லை. அவன் நாலு பேரிலும் கெட்டிக்காரன். இரண்டரை நிமிடம் மூச்சடக்குவான், அதில் அவனுக்குப் பெருமை. தொல்லையும் அதுதான். வெறும் மூச்சோடு இறங்குகிறவன் மேலே இழுத்த காற்றையே திரும்ப மேலே கொண்டுவருகிறான். ஆழத்தில் சிலிண்டர்க் காற்றை இழுத்தவன் அதை அடக்கிக்கொண்டு ஏறினால், காற்றுப் பெருத்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஏறும்போது ஊதிக்கொண்டே வரவேண்டும். பரமலிங்கத்தின் உடம்புக்கு இது விளங்கவில்லை. கிணற்றடியில் ஒரு கல்லைக் கண்டாலும் போதும், வாய் இறுகிவிடும், குமிழி நின்றுவிடும்.

"டேய் பரமு, தொண்டைக்குள்ளை முனகிக்கொண்டு வா. முனகினா மூச்சை அடக்கேலாது."

"மாடு கத்துற மாதிரியோ அண்ணை?"

"மாடோ ஆடோ, சத்தம் நிக்கக்கூடாது."

முனகினான். பத்துத் தரத்தில் எட்டுத் தரம்.

வைகாசி நடுவில் முதலாளி வந்து நின்றார். "பத்துக்கு எட்டுப் போதும் மாஸ்டர். இனியும் பொறுக்கேலாது."

"அவனுக்கு இன்னொரு கிழமை தாங்கோ."

பரமலிங்கம் விடவில்லை. "அவங்கள் மூண்டு பேரும் போக நான் கரையிலை நிண்டு வலை காயவைக்கிறதே? நீங்கள் பக்கத்திலை நில்லுங்கோ அண்ணை. என்ரை குமிழியை மட்டும் பாருங்கோ. நிண்டா ஒரு தட்டுத் தட்டுங்கோ."

வின்சன்ற் ஒத்துக்கொண்டார். அவனுக்காகவா ஒத்துக்கொண்டார், ஏழு வருடமாகக் காணாத கடலடிக்காகவா? ஸ்ரெல்லாவுக்குத் தெரியாது. அவருக்காவது தெரிந்திருக்குமா என்றும் அவள் பிறகு யோசித்ததுண்டு.

கடலில் இறங்கிய அன்று பகல் பத்து மணிக்கே பரமலிங்கத்தைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வாயில் இரத்த நுரை. கையில் ஒரு சங்கு, விரல்களைப் பிரித்துத்தான் அதை எடுக்கவேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே சீவன் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் வின்சன்ற் சோற்றுக்கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"எட்டுப் பாக ஆழத்திலை ஒரு கணவாய்மீன் நிண்டது. நிறம் மாத்தி மாத்தி விளையாடிச்சுது. நான் அதைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டன், ஸ்ரெல்லா. திரும்பேக்கை அவன்ரை கால்தான் தெரியுது, மேலை போகுது. ஒரு குமிழிகூட இல்லை."

"எவ்வளவு நேரம் பாத்தனீங்கள்?"

"தெரியாது. வடிவா இருந்தது."

அவள் சோற்றுக்கோப்பையை எடுத்து மூடி வைத்தாள். பிறகு, "பாலேஸ்வரியிட்டைச் சொல்லுங்கோ" என்றாள்.

பாலேஸ்வரி பரமலிங்கத்தின் மனைவி. இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு.

"ஓம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும்."

அந்தியேட்டிக்கு முன்னரே சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. கீரிமலைக்குப் போக வழியில்லாமல் கடமையை ஊர்க் கடற்கரையிலேயே முடித்தார்கள். அந்த நேரத்தில் கதைக்கிற கதையில்லை என்றார் வின்சன்ற். முதல் வருட ஆட்டைத்திவசம் முடியட்டும் என்றார். அதுவும் முடிந்தது. கடல் மறுபடி அடைபட்டிருந்தது. முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார். மற்ற மூவரும் சிலிண்டரைத் தொடவில்லை. வின்சன்ற் கரைப்பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

பாலேஸ்வரிதான் வருவாள். முருங்கைக்காய் கொண்டுவருவாள், ஒடியல் மா கொண்டுவருவாள். வந்தால் ஒரே கதைதான்.

"அண்ணை எவ்வளவு சொல்லிக் குடுத்தவர். எங்கடை ஆளுக்குத் தலைக்கனம் அக்கா. சொல்லுக் கேக்கேல்லை."

வின்சன்ற் பேப்பரில் இருந்து முகத்தை எடுக்கமாட்டார். அவள் போனபின் ஸ்ரெல்லா அவரைப் பார்ப்பாள். "வாற கிழமை சொல்லுறன்" என்பார். அவளுக்கும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டாள்.

தொண்ணூற்றுநான்கு மாரியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாள் படுக்கை. கடைசி இரண்டு நாளும் அவர் ஏதோ சொல்ல வாய் எடுப்பதுபோல் இருந்தது. ஸ்ரெல்லா குனிந்து கேட்டாள். தண்ணீர்தான் கேட்டார்.

செத்தவீட்டுக்குப் பாலேஸ்வரி விடியவே வந்துவிட்டாள். தேத்தண்ணி ஊற்றினாள், கதிரை அடுக்கினாள். சவப்பெட்டி மூடுமுன் கால்மாட்டில் நின்று பெண்களுக்குச் சொன்னாள்:

"இந்த மனுசன் பக்கத்திலை நிண்டும் எங்கடை ஆள் தன்ரை எண்ணத்துக்குப் போய்த்தான் செத்தவர். அண்ணையின்ரை பேருக்கும் ஒரு கறையை வைச்சிட்டுப் போட்டார்."

"அப்பிடிச் சொல்லாதை பாலேஸ்" என்றாள் ஸ்ரெல்லா.

"உண்மைதானே அக்கா?"

ஸ்ரெல்லா வாயைத் திறந்தாள். பாதிரியார் வந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.