பழவேற்காட்டுக்கு ஒரு பை கீரை

வெள்ளிக்கிழமை, காலை 6.40. மீஞ்சூர் சந்தையில் கீரைக்காரம்மா அப்போதுதான் சாக்கைப் பிரித்தார். முருங்கைக்கீரை இரண்டு கட்டு முப்பது ரூபாய். நெல்லிக்காய் அரைக்கிலோ நாற்பது. கொய்யா, எலுமிச்சை, பச்சைப்பயறு, கேரட். பை கையை அறுத்தது. ரயிலில் ஏறிப் பொன்னேரியில் இறங்கும்வரை மூன்று முறை பையைத் திறந்து கீரை வாடுகிறதா என்று பார்த்துவிட்டேன்.

அக்காவின் கணவர் தேசிங்கு மாமாவுக்காகத்தான் இந்தப் பயணம். டைபாய்டு வந்து, போய், மறுபடி வந்தது. காலில் கிளிஞ்சல் கிழித்த காயம் ஒரு மாதமாக ஆறவில்லை. நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் அவருடைய ரிப்போர்ட் எல்லாம் என் கைக்கு வரும். சர்க்கரை இல்லை. ரத்தம் குறைவு. "மருந்து முடிஞ்சுது. இனிமே தட்டுலதான் இருக்கு. கீரை, பருப்பு, பழம் சேத்துக்குங்க, அப்பதான் எதிர்ப்புச் சக்தி வரும்" என்றார் டாக்டர். திங்கட்கிழமை மாமாவுக்குப் பாடு, ஏரியில் வலை கட்டப் போகும் நாள். அதற்குள் அவர் எழுந்து நிற்க வேண்டும்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சாலையின் இருபுறமும் வயல், பிறகு இறால் குட்டை, பிறகு வெறும் உப்புத்தரை. பாலம் ஏற ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

"பையில இன்னாப்பா?" என்றார் டிரைவர்.

"காய்கறி, கீரை."

"குப்பத்துக்கு எல்லாரும் வெறுங்கையோட வந்து மீனு வாங்கினு போவாங்க. நீ தலகீழா வர்றியே!"

குப்பத்தின் பெயர் வேண்டாம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் மணல். மணலில் தென்னையும் பூவரசும் நிற்கும். காய்கறிச் செடி நிற்காது. காய்கறி வண்டி வாரத்துக்கு இரண்டு முறை வரும். வெங்காயமும் தக்காளியும் தீர்ந்ததும் திரும்பிவிடும். மூன்று வேளையும் சோறும் மீனும்தான். மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தோள் எலும்பு சட்டைக்குள் துருத்தியது.

"வா மச்சான். ஆட்டுக்கா, எனக்கா?" என்றார், கீரையைப் பார்த்து.

அன்றே நான் சட்டம் போட்டேன். நான்கு நாள் செடிகொடியில் விளைந்தது மட்டும். மீன், கருவாடு எதுவும் கூடாது. அக்கா செல்வி என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள். படித்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை, காலை 8 மணி. அக்கா தண்ணீருக்குப் போயிருந்தாள், மாமா தூங்கிக்கொண்டிருந்தார். வாசலில் ஏழுமலை, மாமாவோடு ஒரே படகில் போகிறவர், ஒரு கை மடவையை நீட்டினார். "கொழம்புக்கு."

"வேணாம்ணா. இந்த வீட்டுக்கு இப்ப மீனு வேணாம்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். மீனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எவ்வளவு சுலபமாக முடிந்தது என்று நினைத்தேன்.

பகல் 11 மணிக்குத் திரும்பி வந்த அக்கா குடத்தை இறக்கக்கூட இல்லை.

"டேய், இன்னா சொன்ன நீ ஏழுமலகிட்ட?"

அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. ஏரியில் மீன் வரும் நல்ல இடங்களில் கழி நட்டு வலை கட்ட, வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள், அதுதான் பாடு. நோயில் படுத்தவன் வீட்டுக்கு மற்றவர்கள் குழம்பு மீன் கொடுப்பார்கள். அதை வாங்கும்வரை அவன் முறையில் இருக்கிறான் என்று பொருள். வேண்டாம் என்றால், இந்தக் குப்பத்தில், முறையை விட்டுக்கொடுத்தான் என்று பொருள். திங்கட்கிழமைக்கு வேறு ஒருவர் வலையைச் சரிபார்க்கவே தொடங்கிவிட்டாராம்.

கரைக்கு ஓடினேன். ஏழெட்டுப் பேர் இறால் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, மீனு வேணாம்னு சொன்னது நான். மாமாவுக்குத் தெரியவே தெரியாது."

"நீ டாக்டரா?" என்றார் ஏழுமலை, தலை நிமிராமல்.

"ரத்தம் டெஸ்ட் பண்றவன்."

"ரத்தத்த பாக்கத் தெரியுது, குடுக்கறவன் மூஞ்சிய பாக்கத் தெரியலியே!"

எல்லாரும் சிரித்தார்கள். மூத்தவர் ஒருவர் கேட்டார்: "டாக்டரு மீனு துன்னக் கூடாதுன்னாரா?"

யோசித்தேன். கீரை சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார். மீனை விடுங்கள் என்று சொல்லவே இல்லை. அது நானாகக் கூட்டிச் சொன்னது. அப்படியே சொன்னேன்.

"அப்ப மொறையில தேசிங்கு பேரு இருக்குது," என்றார் மூத்தவர். ஏழுமலை கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "கீரைக்கா மீஞ்சூர்லேர்ந்து வந்த? எங்க ஏரி இன்னா பாவம் பண்ணுச்சு?" என்று சேற்றுக் கரையில் இறங்கி, குட்டை குட்டையாய்ச் சிவப்பும் பச்சையுமாக நின்ற உமரிக்கீரையைக் கை நிறையக் கிள்ளித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் சமைக்கிறேன் என்றேன். உப்பு டப்பாவைத் திறந்தவுடன் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அது உப்புத் தண்ணியில வளந்த செடிடா, கண்ணு." இரண்டு முறை வேகவைத்து, இரண்டு முறை தண்ணீரைக் கொட்டி, பச்சைப்பயறோடு கடைந்தாள். பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியல், நெல்லிக்காய்த் துவையல், ஏழுமலை மறுபடி கொடுத்தனுப்பிய மடவைக் குழம்பு. மாமா முதலில் குழம்பையே தேடினார். பிறகு உமரியைத் தொட்டார். பிறகு இன்னொரு கரண்டி கேட்டார். நான் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை, காலை 5.50. மாமா கரைவரை நடந்தார். கழிக்கட்டின் ஒரு முனையைத் தோளில் ஏற்றினார். நான்கு அடி. முழங்கால் நடுங்கியது. கழியை மெதுவாக இறக்கிவிட்டு மணலில் உட்கார்ந்தார். மூன்று நாள் கீரை எந்த உடம்பையும் தூக்கி நிறுத்தாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் எதிர்பார்த்தேன்.

"இந்த வாட்டி உனக்காக நான் கட்டறேன்," என்றார் ஏழுமலை. "அடுத்த வாட்டியும் நீ எறங்கலன்னா பேர எடுத்துருவாங்க, தெரியுமில்ல?"

"தெரியும்."

படகு போன பிறகு மாமா விரல் மடக்கி எண்ணினார். "அடுத்த மொறைக்குப் பதினெட்டு நாளு. அதுக்குள்ள உன் கீரை என்னிய நிமித்துமா, மச்சான்?"

ஆமாம் என்பது வாய்வரை வந்தது, சொல்லவில்லை. "தெரியாது மாமா. காயம் ஆறும், பசி எடுக்கும். மெள்ளத்தான் ஏறும். நடுவுல விட்டா எதுவும் ஏறாது."

"இப்பதான் நீ டாக்டரு மாதிரி பேசற," என்றார். சிரிக்கவில்லை.

9.20க்குப் பேருந்து. எங்கள் தெருவில் தினமும் காலை காய்கறி வண்டி கூவிக்கொண்டு வரும். கத்தரிக்காயை நான் தட்டோரமாக ஒதுக்கிவைப்பவன். உடம்பைப் பற்றி ஊருக்குச் சொல்பவனும் நானே. பொன்னேரி வருவதற்குள் அக்காவிடமிருந்து போன் வந்துவிட்டது.

"மாமா பாத்திரத்த எடுத்துனு ஏரிக்கரைக்குப் போயிட்டாருடா. கால் நோவுதுன்னு சொல்லிக்கினே உமரி கிள்ளினு கீறாரு. கூப்டா வர மாட்டேங்கறாரு."



"வர வேணாம்க்கா," என்றேன். "விடு."