வலது கால்

தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரியில், புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸிங் ரூமில் நான் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அங்கே எனக்கு முன்பிருந்த சிஸ்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "மூக்கைப் பொத்தாத. பொத்துனா அவுக மறுபடி வரமாட்டாவ." நான் பொத்தவில்லை. ரிட்டையர் ஆகும்வரை பொத்தியதில்லை. அது மட்டும் போதும் என்று நினைத்திருந்தேன்.

1. வலிக்காத புண்

எங்களிடம் வருவது பெரும்பாலும் சுகர் கால். சுகர் பல வருஷம் இருந்தால் பாதம் மரத்துப்போகும். ஆணி ஏறினாலும் தெரியாது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் சுடலைமுத்து அண்ணாச்சி அப்படி ஒரு கேஸ். வெறுங்காலோடு வெயிலில் நின்று உள்ளங்கால் வெந்துபோய், துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டே திரிந்துவிட்டு வந்தார்.

"வலிக்கலையே சிஸ்டர், அதான் வரல."

"வலிக்காததுதான் அண்ணாச்சி சீக்கே! செருப்பு இல்லாம நடக்காதியன்னு எத்தன தடவ சொல்லியாச்சு? காலை எடுத்த பொறவுதான் புத்தி வருமா?"

நான் கத்துவது வராந்தா வரைக்கும் கேட்கும். கத்திக்கொண்டேதான் சலைன் ஊற்றிக் கழுவுவேன், அழுகின சதையை வெட்டி எடுப்பேன். என் கை சுத்தம் என்று டாக்டரே சொல்வார். எனக்கு ஜூனியர் செல்வி. அவள் கை மெதுவாகத்தான் போகும். "ஏட்டி, கட்டுப் போடுதியா, கோலம் போடுதியா?" என்று பேஷண்ட் முன்னாலேயே கேட்பேன்.

கோயிலில் எனக்கு இன்னொரு பெருமை. பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, எங்கள் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் வலது காலைக் கழுவுவார். கால் கொடுக்கிறவர்கள் வீட்டிலேயே சோப்பும் பீர்க்கங்காய் நாரும் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வருவார்கள். சாமியார் கையில் அழுக்குப் படக்கூடாதாம். எனக்குச் சிரிப்பு வரும். அவர் வருஷத்துக்கு ஒருநாள் கழுவின காலைக் கழுவுகிறார், நான் தினமும் கழுவாத காலைக் கழுவுகிறேன் என்று நினைத்துக்கொள்வேன். தாழ்மையில் முதல் மார்க்கை எனக்கு நானே போட்டுக்கொண்டேன்.

2. சிலுவைப் பாதை

பிறகு எனக்கும் சுகர் வந்தது. மாத்திரை போட்டேன், யாரிடமும் சொல்லவில்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இயேசு சிலுவை சுமந்ததை நினைத்து ஜெபித்தபடி, குற்றாலம் ரோட்டுப் பக்கம் ஒரு பொத்தையில், சின்னப் பாறைக்குன்றில், சிலுவைப் பாதை ஏறுவோம். அருவியெல்லாம் வறண்டு கிடக்கும் மாசம். பாறை கொதிக்கும். மற்றவர்கள் செருப்போடு ஏறினார்கள், நான் வெறுங்காலில் ஏறினேன். எனக்குச் சுடவே இல்லை.

"எப்படி சிஸ்டர் தாங்குதிய?" என்று கேட்டார்கள்.

"ஆண்டவர் தாங்குதாரு" என்றேன்.

அண்ணாச்சிக்குச் சுடாததும் எனக்குச் சுடாததும் ஒரே காரணத்தால்தான். அந்த வேலையிலேயே கிடந்த எனக்கு அது தோன்றவில்லை. அருள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுத் தரையில் ஈரக் கறை பார்த்தபோதுதான் வலது உள்ளங்காலில் புண் என்று தெரிந்தது. கண்ணாடியைத் தரையில் வைத்து, குனிந்து பார்த்து, நானே கட்டுப் போட்டேன். சொந்த உள்ளங்காலுக்கு ஒழுங்காகக் கட்டுப் போட யாராலும் முடியாது. செல்வியிடம் காட்டியிருக்கலாம். அதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது. சாக்ஸ் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். சுண்டுவிரல் கறுக்க ஆரம்பித்தது. இப்படியே விட்டால் காலே போகும் என்று எனக்குத் தெரியாதா?

அந்த வருஷம் பார்த்துச் சாமியார் கூப்பிட்டார். "பன்னெண்டு பேருல நீங்களும் உக்காருங்க சிஸ்டர். எத்தன பேரு காலைக் கழுவியிருக்கிய!" முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் கேவலம்.

பீடத்துக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சாமியார் ஒவ்வொருவர் முன்பும் முழங்காலிட்டு என்னிடம் வந்தார். நான் இடது காலை நீட்டினேன்.

"வலது கால், சிஸ்டர்."

"இதையே கழுவுங்க சாமி."

அவர் சாக்ஸ் போட்டிருந்த வலது காலைப் பார்த்தார். வாடை அவருக்கு அடித்திருக்க வேண்டும். அவர் மூக்கைப் பொத்தவில்லை. குனிந்தபடியே மெதுவாகக் கேட்டார். "அங்கன வலிக்குதா?"

"வலிக்கல சாமி."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. கோயில் நிறைய ஆட்கள் இருக்க, எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் இடது காலையே கழுவித் துடைத்து முத்தமிட்டார். "நாளைக்கே காட்டிருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

3. வராந்தா

மறுநாள் பெரிய வெள்ளி காலையில் டிரெஸிங் ரூம் வராந்தாவில் பேஷண்டுகளோடு உட்கார்ந்தேன். பக்கத்தில் சுடலைமுத்து அண்ணாச்சி. "என்ன சிஸ்டர், இங்கன உக்காந்திட்டிய?" என்றார். காலைக் காட்டினேன். ஒரு ஏச்சு ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "மொதல்ல நீங்க போங்க" என்று தள்ளி உட்கார்ந்தார்.

செல்வி என் பாதத்தைத் தன் மடியில் வைத்துக் கட்டைப் பிரித்தாள். அவசரமே இல்லை. "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்லா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ ஏசுவேன்னு பயந்துட்டேன் செல்வி" என்றேன்.

அவள் சலைன் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தாள். என் கத்தலுக்குப் பயந்து எத்தனை பேர் காலை மறைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார்களோ, அது எனக்குத் தெரியாது. டாக்டர் சுண்டுவிரலை எடுத்தார். கால் தப்பியது. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மூக்கைப் பொத்தாமல் இருந்தால் மட்டும் போதாது, வாயையும் அடக்கணும். உங்கள் காலையும் ஒருநாள் யாரிடமாவது கொடுக்கணும்.

மறுவருஷமும் சாமியார் கூப்பிட்டார். தகுதியில்லை என்று சொல்லப் பார்த்தேன். அதுவும் பழைய கொழுப்புதான் என்று பட்டது, சரி என்றேன். டியூட்டி முடிந்து பஸ் பிடித்து நேரே போனேன், வீட்டுக்குப் போய்த் தேய்க்க நேரமில்லை. நாலு விரல் உள்ள வலது காலை நீட்டினேன். தாம்பாளத்துத் தண்ணீர் கலங்கியது. எல்லாரும் பார்த்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. காலை இழுத்துக்கொள்ளவில்லை.