பைத்தனில் நான் கூட்டிய ஒன்று

ஹட்டன் டவுனில் நான் வேலை பார்க்கும் இணையத்தள நிறுவனத்தில் நாலே பேர்தான். என்னை எடுத்தது ஜாவாஸ்கிரிப்டுக்காக. ஆனால் இந்தத் தொழிலில் ஒரே கணினி மொழியை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. "பைத்தன் தெரியுமா?" என்று முதலாளி கேட்டார். "தெரியும் சேர்" என்றேன். பத்து வீடியோ பார்த்ததற்குப் பெயர் தெரிவது என்றால், தெரியும்தான்.

ஒரு கண் வைத்தியசாலைக்கு வேலை. நோயாளிக்குத் தேதி பதிந்ததும் அவருடைய போனுக்குத் தமிழில் செய்தி போகவேண்டும். வட்டகொடைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் என் அம்மாவும் அங்கேதான் கண்ணைக் காட்டிக்கொண்டிருந்தாள். கண்ணில் அழுத்தம். சீக்கிரம் ஒப்பரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

பக்கங்களை ஜாவாஸ்கிரிப்டில் செய்தேன், செய்தி அனுப்பும் பகுதியைப் பைத்தனில். ஜாவாஸ்கிரிப்ட் என்ற புண்ணியவான் மாதங்களைப் பூச்சியத்திலிருந்து எண்ணுவான். ஜனவரி பூச்சியம், பெப்ரவரி ஒன்று. அதனால் மாதத்தோடு ஒன்றைக் கூட்டிக் கூட்டியே பழகிய கை. பைத்தனில் ஜனவரி ஒழுங்காக ஒன்றுதான். அங்கேயும் கூட்டித் தொலைத்தேன். சோதித்தபோது செய்தி போனது, அது போதும் என்று விட்டுவிட்டேன். தேதியை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

மே மாதம் அம்மாவின் ஒப்பரேஷனுக்குத் தேதி பதிந்தார்கள். போன் எடுத்து, "மெசேஜ் வந்துச்சாம்மா?" என்று பெருமையாகக் கேட்டேன். "வந்துச்சுப்பா" என்றாள். எந்தத் தேதி என்று கேட்கத் தோன்றவில்லை.

ஜூன் நடுப்பகுதியில் வைத்தியசாலையிலிருந்து முதலாளிக்குப் போன். பதிந்தவர்கள் ஒருவரும் வரவில்லையாம். எல்லாருக்கும் ஒரு மாதம் பிந்திய தேதிதான் போயிருந்தது. அந்த ஒன்றை அழிக்க எனக்கு ஒரு விநாடிதான் ஆனது. ஆனால் அந்த ஒப்பரேஷன் செய்யும் டொக்டர் கொழும்பிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார்; அந்த மாதத்துக்கு வந்து போய்விட்டார். அடுத்த தடவை அவர் பார்த்தபோது அம்மாவின் வலது கண் முடிந்திருந்தது. போன பார்வையைத் திருப்பித் தர யாராலும் ஏலாது என்றார். எனக்கு வாழவே வெறுத்துப்போனது.

லயத்து வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிழை என்னுடையது, திட்டு என்றேன். அவள் திட்டவில்லை.

"ஆஸ்பத்திரி அட்டையில ஜூன்னுதான்ப்பா எழுதிக் குடுத்தாங்க. மெசேஜுல ஜூலைன்னு வந்துச்சு. எம்புள்ள செஞ்சது பிழையா இருக்காதுன்னு நாந்தான் அட்டைய அடுப்புல போட்டேன்."