பல்லி முட்டைக்கு அம்மா பார்த்த வைத்தியம்

எங்கள் அம்மா கோழியை அடை வைத்தால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் பொரிக்கும். வேலணையில் எங்கள் ஒழுங்கையில் இதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஒருமுறை அடையில் கிடந்த கோழியை இடைநடுவில் நாய் பிடித்துவிட்டது. அம்மா முட்டைகளை ஓலைக் கடகத்தில் உமிக்குள் வைத்து, மேலே ஒரு மின்குமிழைத் தொங்கவிட்டு, நாளுக்கு மூன்று தடவை தன் கையாலேயே புரட்டிப் புரட்டி ஒன்பது குஞ்சுகளை எடுத்தார். அன்றிலிருந்து முட்டை விஷயத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். எல்லாவற்றுக்கும் எதிர்ப்பேச்சு வைத்திருக்கும் அப்பாகூட, முட்டை என்றால் வாயை மூடிக்கொள்வார்.

அந்தப் புகழ் கனடா வரைக்கும் போயிருக்கிறது என்பது எனக்குப் பதினொரு வயதில்தான் தெரிந்தது.

கனடாவில் இருந்தவர் சின்னம்மா, அம்மாவின் ஒரே தங்கை. நான்கு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அவர்களுடைய தகப்பனார் இறந்தபோது சின்னம்மா வரவில்லை. அங்கே இருப்பதற்கான பேப்பர் சரிவராததால் வர முடியாமல் இருக்கிறது என்றுதான் அவர் சொன்னார். அம்மா அதைக் கேட்கிற நிலையில் இருக்கவில்லை. செத்தவீட்டன்று தொலைபேசியில் ஏதோ ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். அந்த வார்த்தை என்னவென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பொங்கலுக்கும் வருஷப்பிறப்புக்கும் அப்பாதான் மரியாதைக்கு இரண்டு வார்த்தை பேசுவார். அந்த நேரம் பார்த்து அம்மாவுக்குக் குசினியில் வேலை வந்துவிடும்.

ஒரு வைகாசி மாதப் பின்னேரம் அழைப்பு வந்தது. அப்பா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முட்டையைப் பற்றி ஏதோ கேட்கவேண்டுமாம் என்று கைபேசியை அம்மாவிடம் நீட்டினார். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அம்மா அதை வாங்கியிருக்கமாட்டார்.

“அக்கா, என்ரை பெடியன் பல்லி வளக்கிறான். முட்டையும் இடுது. ஒண்டும் பொரிக்குதில்லை” என்றது சின்னம்மாவின் குரல்.

அம்மா கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு, “வைச்சு எத்தினை நாள்?” என்று கேட்டார். நான்கு வருஷத்துக்குப் பிறகு தன் தங்கையிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

எங்கள் வீட்டுச் சுவரில் சும்மா ஓடித்திரிகிற ஒன்றைக் கடல் கடந்துபோய் ஒருவன் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிறான் என்பதை எங்களால் சுலபத்தில் நம்ப முடியவில்லை. சின்னம்மா வீடியோ எடுத்து அனுப்பினார். மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள், கொழுத்த வால். அது சுவரில் ஏறாதாம். ஏறத் தெரியாத பல்லி தலையில் விழவும் போவதில்லை, இனி அவர்களுக்குப் பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பார்க்கும் வேலை மிச்சம் என்றார் அப்பா. என்னை ஆச்சரியப்படுத்தியது வேறு. அந்தப் பல்லி கண்ணை மூடித் திறந்தது. நான் உடனே விறாந்தைக்கு ஓடி எங்கள் பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது இமைக்கவே இல்லை. நெடுநேரம் கழித்து நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே துடைத்துக்கொண்டது. பதினொரு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாமல் போனதே என்று வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து கிழமைக்கு நாலைந்து நாள், பின்னேரம் ஆறரைக்கு அழைப்பு வந்தது. அங்கே அப்போது காலை. நான் பழைய அப்பியாசக் கொப்பியொன்றில் நடுவில் கோடு கீறி, ஒரு பக்கம் ‘பிழை’ என்றும் மறுபக்கம் ‘காரணம்’ என்றும் தலைப்பிட்டு, இந்த வைத்தியத்துக்கு எழுதுவினைஞர் ஆனேன். முதல் சோடி முட்டை ஒடுங்கிப் போனது: ஈரம் காணாது, தண்ணீர் தெளிக்கவும். அடுத்த சோடி பூஞ்சணம் பிடித்தது: தண்ணீர் கூடிவிட்டது, முட்டையில் படாமல் மண்ணில் மட்டும் தெளிக்கவும். அந்தப் பல்லியின் முட்டைக்கு ஓடு கிடையாது, தோல்தான் என்று கேட்டபோது அம்மா திடுக்கிட்டுப் போனார். கோழி தோல்முட்டை இட்டால் அதற்குச் சுண்ணாம்புச் சத்து இல்லையென்று அர்த்தம். நானும் அம்மாவும் கடற்கரைக்குப் போய், கொதிக்கிற மணலில் நடந்து அந்தச் சத்துக்காகக் கணவாய் ஓடு பொறுக்கி, காயவைத்து இடித்துத் தூளாக்கி, கனடாவுக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். அந்தச் சாதிப் பல்லிக்கு இயல்பே தோல்முட்டைதான் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக அம்மா ஒவ்வொரு நாளும் சொன்ன மருந்து ஒன்று இருந்தது. நாளுக்கு மூன்று தடவை முட்டையைப் புரட்டவேண்டும். சின்னம்மாவும் ஓம் அக்கா, ஓம் அக்கா என்பார்.

முட்டைப் பேச்சு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பிறகு யாருடைய கிணறு உவராகிப் போனது, யாருக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், சின்னம்மாவுக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு என்று முக்கால் மணிநேரம் போகும். எழுத ஒன்றும் இல்லாமல் கொப்பியோடு காத்திருக்கிற எனக்கு எரிச்சலாக இருக்கும். அம்மாவோ ஆறு மணிக்கே குளித்துச் சீப்பால் தலையிழுத்து, விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். குரலை மட்டும் கேட்கப்போகிற ஆளுக்கு எதற்குத் தலையிழுப்பு என்று அப்பா கேட்டதற்கு, அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

ஆடி மாதம் மூன்றாவது சோடியும் கூழாகிப் போய்விட்டது என்று சின்னம்மா சொன்னபோது, கலண்டருக்குப் பின்னாலிருந்து எங்கள் பல்லி கச்சிதமாக ‘இச் இச்’ என்றது. அம்மா கதிரைக் கையில் விரலால் தட்டி, “பல்லியும் சொல்லுது. பாவமடி பிள்ளை” என்றார். அவர் குரலில் உண்மையான துக்கம் இருந்தது.

எனக்கு ஒரு கேள்வி முளைத்தது இப்படித்தான். இத்தனை பேர் பாடுபட்டும் கனடாவில் பொரிக்காத முட்டை, இங்கே யாரும் திரும்பிப் பார்க்காமலே எப்படிப் பொரிக்கிறது? பாவிக்காத தையல் மெசினில் இழுத்துத் திறக்கிற லாச்சிக்குள் ஆனி மாதத்திலேயே எட்டு முட்டைகளைக் கண்டு வைத்திருந்தேன். கடலையளவு, வெள்ளை வெளேரென்று, கெட்டியான ஓட்டோடு. அவற்றில் நாலை எடுத்து மாஜரின் டப்பாவில் மணல் போட்டு வைத்து, அம்மாவின் முறைப்படி காலையும் மத்தியானமும் மாலையும் புரட்டினேன். மற்ற நாலையும் லாச்சிக்குள்ளேயே விட்டுவிட்டேன். ஆடி முடிகிற நேரம் லாச்சியில் நாலு வெறும் ஓடுகள் கிடந்தன. என்னுடைய நாலும் அப்படியே இருந்தன. ஒன்றை உடைத்துப் பார்த்தேன். விரலும் வாலும் கண்ணும் வந்த ஒரு பல்லிக்குஞ்சு பாதியில் நின்றுபோயிருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மணலில் பிழையாக இருக்கலாம் என்று நினைத்து, லாச்சியில் புதிதாகக் கண்ட இரண்டு முட்டைகளை, மேல்பக்கத்தில் பென்சிலால் புள்ளியிட்டு, புள்ளி மேலே இருக்கும்படியே அதே டப்பாவில் அதே மணலில் வைத்தேன். கையே வைக்கவில்லை. புரட்டாசியில் ஒரு காலை டப்பாவுக்குள் என் சுண்டுவிரலில் பாதியளவில் இரண்டு உயிர்கள் ஓடிக்கொண்டிருந்தன. டப்பா அதுதான், மணல் அதுதான். புரட்டியது மட்டும்தான் வித்தியாசம். யோசித்தால் சின்ன விஷயம். கோழி அடைகாக்கிற சாதி, காலால் உருட்டி உருட்டிச் சூடு காட்டும். பல்லி முட்டையை ஒரு மூலையில் வைத்துவிட்டுத் தன்பாட்டில் போய்விடும். அதைப் புரட்ட யார் இருக்கிறார்கள்?

கண்டுபிடித்த சந்தோஷம் அரைமணிநேரம் நின்றது. பிறகு பயம் பிடித்தது. அந்தக் கனடாப் பிள்ளையின் முட்டைகளையெல்லாம் பழுதாக்கியது அம்மாதான் என்று ஆகிவிட்டதே. இதைக் கேட்டால் சின்னம்மா கோபிப்பார், அம்மா பதிலுக்கு ஒரு வார்த்தை விடுவார், மறுபடி நாலு வருஷம் பேச்சிருக்காது. சொல்லாமல் விட்டால் அங்கே குஞ்சுகள் பாதியில் செத்துக்கொண்டே இருக்கும். குஞ்சுகளை விறாந்தைச் சுவரில் விட்டுவிட்டு, மூன்று நாள் டப்பாவைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தேன். நாலாம் நாள் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கொண்டுபோய் முன்னால் வைத்து, கொப்பியையும் விரித்துக் காட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா துருவலையிலிருந்து எழும்பவில்லை. ஓடுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஏசுவார் என்று நின்றேன். ஏசவில்லை.

அன்று பின்னேரம் அவர் ஆறரை வரைக்கும் காத்திருக்கவில்லை. முதல்தடவையாகத் தானே அழைத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

“எடி, நான் சொன்னது பிழை. பல்லி முட்டையைப் பிரட்டக் கூடாது. உன்ரை பிள்ளையின்ரை முட்டையளை நான்தான் பழுதாக்கினனான்” என்றார். பிறகு, கேட்கும் கேட்காததுமாக, “செத்தவீட்டண்டைக்கும் நான்தான் பிழையாக் கதைச்சனான்” என்றார்.

 

“அவன் பிரட்டேல்லை அக்கா” என்றார் சின்னம்மா. “முதல் நாளே கொம்பியூட்டரிலை பாத்துச் சொன்னவன், பிரட்டினாச் செத்துப்போமெண்டு. ஆடியிலையே ரெண்டு பொரிச்சிட்டுது. இப்ப ஆறு குட்டி நிக்குது.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆடி மாதம் கூழாகிப் போன சோடிக்காக அம்மா எவ்வளவு கவலைப்பட்டார்! கால் வேக வேகப் பொறுக்கிய கணவாய் ஓடு என்னத்துக்கு? டப்பாவுக்குள் செத்த நாலு பல்லிக்குஞ்சுகளுக்கு யார் பதில் சொல்வது? நான் அம்மாவின் தோளுக்கு மேலால் எட்டி, “பொரிச்சதெண்டால் ஏன் சின்னம்மா பொரிக்கேல்லையெண்டு சொன்னனீங்கள்?” என்று கேட்டேன்.

 அம்மாவும் சண்டைக்குப் போவார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சின்னம்மாவிடம், “கறுப்புக் கோழி அடைக்குக் கிடக்குது. நாளைக்குக் கோல் எடு, எத்தினை முட்டை வைச்சனானெண்டு சொல்லுறன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, போய்க் கோழிக்கூட்டைப் பூட்டச் சொன்னார்.

கூட்டைப் பூட்டிவிட்டு வந்து கொப்பியை எடுத்தேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில், பிழை என்ற பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘பொரித்த முட்டையைப் பொரிக்கவில்லை என்று சின்னம்மா சொன்னது. எங்கள் வீட்டுப் பல்லியும் சேர்ந்து அதை உண்மை என்று சொன்னது.’ அதற்கு நேரே, காரணம் என்ற பக்கத்தில், பென்சில் அழுத்தியதில் தாள் கிழிந்த இடத்தில், ‘தெரியாது’ என்று இருக்கிறது.