நீ இன்னும் ஜெயிக்கலம்மா!

போன வியாழக்கிழமை சாயங்காலம், அக்கா வீட்டில் இருந்த எல்லோருடைய செல்போனையும் பிடுங்கி, சைலண்டில் போட்டு, ஒரு தூக்குவாளிக்குள் வைத்து மூடினேன். என் போன் மட்டும் வெளியே. அதுதானே டி.வி.யோடு இணைந்திருந்தது! தொழில்நுட்பப் பிரிவுக்கு நான்தான் தலைவர். தேர்தல் எதுவும் நடக்கவில்லை... நானே அறிவித்துக்கொண்டேன்.

காரணம் சின்னதல்ல. என் அக்கா ஸ்டெல்லாவின் மகள் ஜெர்லின், மகளிர் ஸ்குவாஷ் உலக சாம்பியன்ஷிப்பில் முதல் ரவுண்டு ஆடுகிறாள். எகிப்தில்!

திண்டுக்கல் பிள்ளைக்கு ஸ்குவாஷ் எங்கிருந்து வந்தது? பள்ளிக்கூட மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவளை ஒரு கோச் பார்த்துவிட்டுச் சென்னைக்குக் கூப்பிட்டார். அக்காவும் அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து தெருவில் யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள் — “ஏ ஸ்டெல்லா, சுவத்துல பந்தடிக்கவா புள்ளைய மெட்ராசுக்கு அனுப்பிருக்க?” அக்கா குனிந்துகொண்டு போய்விடுவாள்.

பெரிய போட்டிகளில் ஜெர்லின் இதுவரை முதல் ரவுண்டைத் தாண்டியதில்லை. கிளம்பும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “ஒரு மேட்ச் மாமா. ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சிட்டாப் போதும். அம்மா தெருவுல நிமிந்து நடந்துரும்.”

ஆட்டம் ஐந்து மணிக்கு என்று மெசேஜ் போட்டிருந்தாள். மற்றவர்களாக இருந்தால் ஐந்து மணிக்கே டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நான் விவரமானவன் ஆயிற்றே? எகிப்துக்கும் நமக்கும் நேர வித்தியாசம் உண்டு என்று கண்டுபிடித்து, கூட்டிப் பெருக்கி, ஏழரை மணி என்று அறிவித்தேன். சரியாக ஏழரைக்கு, போட்டி நடத்துபவர்களின் யூடியூப் சேனலில் அவள் பெயரைத் தேடித் தட்டினால்... முதல் பந்தே அப்போதுதான் போடுகிறார்கள்! “பாத்தீங்களா டைமிங்க?” என்று மார்தட்டிக்கொண்டேன்.

எதிரே ஹாங்காங் பெண். உயரமாக, நிதானமாக இருந்தாள்.

எதிர்வீட்டு பவுல்ராஜ் அண்ணன் அதற்குள் சோபாவின் நடுவே இடம் பிடித்துவிட்டார். ஹார்டுவேர் கடைக்காரர். சுவரில் பந்தடிக்கவா என்று முதன்முதலில் கேட்டவரும் அவர்தான்.

“இதென்ன அப்பு, ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிக்கிறாங்க? எதிரெதிரா நிக்க வேணாமா?”

“இது அப்படித்தாண்ணே. ஒரே ரூமுக்குள்ள ரெண்டு பேரும் மாறி மாறி அடிக்கணும். ஒருத்தர ஒருத்தர் மறிக்கக் கூடாது.”

“அதெப்பிடி ஏலும்?”

அக்கா திரும்பாமலே சொன்னாள். “ஏன்ணே, ஒரே அடுப்படியில நாத்தனாரும் நானும் பத்து வருசம் சமைக்கலையா?”

முதல் கேம் போயிற்று. ஜெர்லினின் அப்பா, என் மச்சான், எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டார். குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டில் விதைத்துவிட்டு, வானத்தைப் பார்த்து மாதக்கணக்கில் காத்திருந்து வளர்ந்த மனுஷன்... அவரால் இந்தக் காத்திருப்பைத் தாங்க முடியவில்லை.

எனக்குப் பதற்றம் வந்தால் பசிக்கும். இரண்டாவது கேமை ஜெர்லின் எடுத்தபோது விருந்தாளிகளுக்கு வைத்த காராச்சேவு பாதி காலி. மூன்றாவதை இழந்தபோது தட்டே காலி. நான்காவதில் ஒன்றைக் கண்டுபிடித்தேன் — நான் உட்கார்ந்தால் பாயிண்ட் போகிறது, நின்றால் வருகிறது! ஆகவே நின்றேன். பவுல்ராஜ் அண்ணனையும் எழுப்பி நிற்க வைத்தேன். “எனக்கு மூட்டுவலிப்பா” என்றார். தேசத்துக்காக ஒரு மூட்டு போனால் என்ன? நான்காவது கேம் எங்களுக்கு வந்தது.

ஐந்தாவது, கடைசி கேம். எட்டுக்குப் பத்து. அவர்கள் பத்து. இன்னும் ஒரு பாயிண்ட் போனால் முடிந்தது கதை. ஜெர்லின் பக்கச் சுவரில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள். அக்கா ஜெபமாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அப்போது என் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன்.

‘ஜெர்லின் அழைக்கிறார்’.

டி.வி.யைப் பார்த்தேன். ஜெர்லின் சர்வீஸுக்குத் தயாராகிறாள். போனைப் பார்த்தேன். ஜெர்லின் அழைக்கிறாள். எவனோ அவள் போனைத் திருடிவிட்டான்! எகிப்து போலீஸ் நம்பர் என்ன? வியர்த்துக் கொட்ட அடுப்படிக்கு ஓடினேன்.

“ஹலோ... யாருய்யா நீ?”

“மாமா, நான்தான். ஜெர்லின்.”

“பொய் சொல்லாத. ஜெர்லின் வெளாண்டுக்கிட்டு இருக்கா.”

“மாமா! நான் ஜெயிச்சிட்டேன் மாமா!”

“இல்லம்மா... நீ இன்னும் ஜெயிக்கலம்மா. எட்டுக்குப் பத்து. தோக்கப் போற!”

மறுமுனையில் ஒரு சிரிப்பு... நிற்கவே இல்லை.

“மேட்ச் அப்பவே முடிஞ்சிருச்சு மாமா. நீங்க பாக்குறது ரெக்கார்டிங்கு. அஞ்சு மணின்னு மெசேஜ் போட்டேன்ல?”

“அது அந்த ஊரு அஞ்சு மணி இல்லையா?”

“நம்மூரு நேரந்தான். நீங்கல்லாம் கொழம்பக் கூடாதுன்னு நானே மாத்திப் போட்டேன். போன் இப்பத்தான் கைக்கு வந்துச்சு. அம்மாவுக்கு எத்தன தடவ அடிச்சேன் தெரியுமா? ஏன் யாருமே எடுக்கல?”

தூக்குவாளியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. “இரு, இப்பவே எல்லாருக்கும் சொல்றேன்!” என்று திரும்பினேன்.

“மாமா, இருங்க! சொல்லாதீங்க.”

“ஏம்மா?”

“இது ஓரத்துல இருக்க சின்ன கோர்ட்டு மாமா. ஜெயிச்சிட்டுத் திரும்பிப் பாக்கேன்... எங்க கோச்சும் அந்தப் பொண்ணோட அம்மாவுந்தான் இருந்தாங்க. அந்தம்மா கூட கை தட்டுனாங்க, பாவம். வேற சத்தமே இல்ல.” குரல் லேசாக இறங்கியது. “அம்மால்லாம் பாக்கட்டும். நீங்க போனை மட்டும் கட் பண்ணாதீங்க. செத்த நேரம் கேட்டுக்கிறேன்.”

டி.வி. அறை வாசலில் வந்து நின்றேன். கோர்ட்டுத் தரையைத் துடைக்க ஆட்டத்தை நிறுத்தியிருந்தார்கள்; இன்னும் எட்டுக்குப் பத்துதான். போனை மைக் மாதிரி முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டேன்.

“போச்சு தங்கச்சி, போச்சு” என்றார் பவுல்ராஜ் அண்ணன். “எந்திரிச்சு ராத்திரி சோத்துக்கு வெஞ்சனத்தப் பாரு.”

“ஜெயிப்பாண்ணே” என்றேன்.

“நீ என்ன ஜோசியக்காரனா?”

“தாய்மாமன்!”

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.  முடிவு தெரியும். ஜெயித்தவளே கையிலிருக்கும் போனில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். இருந்தும், சுவரின் அடியில் இருக்கும் தகரப்பட்டையில் பந்து பட்டு, பாயிண்ட் போய்விடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பாசத்துக்கு ரெக்கார்டிங் எது, லைவ் எது?

ஒன்பதுக்குப் பத்து. அக்கா எழுந்து நின்றாள். பத்துக்குப் பத்து. பவுல்ராஜ் அண்ணன் மூட்டுவலியை மறந்து சோபா மேல் ஏறிவிட்டார். “அடி தாயி! அடி!” பதினொன்றுக்குப் பத்து; இரண்டு பாயிண்ட் வித்தியாசம் இருந்தால்தான் வெற்றி. “இன்னும் ஒண்ணுதான்டி... என் தங்கமே, ஒண்ணே ஒண்ணு!” இது அக்கா. இத்தனை வருடத்தில் அக்கா இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

கடைசிப் பந்தை ஜெர்லின் ஓங்கி அடிக்கவில்லை. முன்மூலையில், பூ வைப்பது போல வைத்தாள். ஹாங்காங் பெண் பாய்ந்து வந்தாள். எட்டவில்லை.

வீடு அதிர்ந்தது. தெரு அதிர்ந்தது. “எங்க தெருப் புள்ளடா!” என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் பவுல்ராஜ் அண்ணன்! மாடியிலிருந்து மச்சான், “என்னாச்சு? ஏலே, என்னாச்சுன்னு சொல்லுங்கலே!” என்று அலறினார். பதில் சொல்ல யாருக்கு நேரம்?

போனைக் காதில் வைத்தேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“யாரு? ஜெர்லினா?” என்று அக்கா போனைப் பிடுங்கினாள். ராக்கெட் பிடித்த கையில் அதற்குள் போன் எப்படி வந்தது என்று கேட்கும் நிலையில் அங்கே யாரும் இல்லை.

“ஏ புள்ள... ஜெயிச்சிட்டடி! நீ ஜெயிச்சிட்டடி!”

“நெசமாவாம்மா?” என்றாள் ஜெர்லின்.

“நெசமாத்தான்டி! நான் பாத்தேன்! என் கண்ணால பாத்தேன்!”

உலக சாம்பியன்ஷிப்பில் நடுவர் சொன்னால் பாயிண்ட். வெற்றியை அம்மாதான் அறிவிக்க வேண்டும் போலிருக்கிறது.

அக்காவுக்கு இன்றுவரை உண்மை தெரியாது. தூக்குவாளிக்குள் இருந்த அவள் போனில் மிஸ்டு கால்களை அழித்ததும் தொழில்நுட்பப் பிரிவுத் தலைவர்தான். தைரியமாகத்தான் எழுதுகிறேன்... சொந்தத் தம்பி எழுதுவதை எந்த அக்கா படிக்கிறாள்?